கடைக்கு எந்தக் கணக்கு, எந்த வங்கி? வடசென்னைச் சிறு வியாபாரிகளுக்கு

பழைய வண்ணாரப்பேட்டையில் நாலு மிஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுப்பவர், காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் அக்கா, வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். மூன்று பேருக்கும் ஒரே யோசனைதான் கிடைக்கிறது: "கடை பேர்ல ஒரு கரண்ட் அக்கவுண்ட் போட்டுடுங்க." கிளைக்குப் போனால் ஒரு காகிதப் பட்டியலை நீட்டுகிறார்கள். அதில் பாதி இவர்கள் கையில் இருக்காது. இதில் வேடிக்கை என்னவென்றால், மூவரில் ஒருவருக்கு அந்தக் கணக்கே தேவையில்லை.

எந்த வங்கி என்று அலைவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். உங்களுக்குப் பணம் கொடுப்பவர் யார் பெயருக்குக் கொடுக்கிறார்? மீன் வாங்குபவர் ரொக்கமாகக் கொடுப்பார், இல்லையென்றால் அக்காவின் சொந்தப் பெயரில் உள்ள க்யூஆரை ஸ்கேன் செய்வார். கடைப் பெயர் என்ற ஒன்றே அங்கு இல்லை. லேத் பட்டறைக்கு வேலை கொடுக்கும் மணலி, எண்ணூர்ப் பக்கத்துக் கம்பெனி அப்படிக் கொடுக்காது. பில்லில் பட்டறை பெயர் இருந்தால் அதே பெயரில் கணக்கு வேண்டும், கேன்சல் செய்த காசோலை ஒன்று வேண்டும் என்பார்கள். நைட்டி தைப்பவர் நடுவில் இருக்கிறார். எம்.சி. ரோட்டுக் கடைக்காரர் பாதியை ரொக்கமாகவும் மீதியை போனிலும் அனுப்புவார். ஆன்லைனில் விற்கலாம் என்று அவர் நினைத்த நாளிலிருந்து கதை மாறும்.

முதல் ஒப்பீடு, சேமிப்புக் கணக்குக்கும் நடப்புக் கணக்குக்கும் (அதுதான் கரண்ட் அக்கவுண்ட்).

ரிசர்வ் வங்கியின் விதிப்படி வியாபார நிறுவனத்தின் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்க முடியாது. அது ஒருவரே நடத்தும் கடையானாலும் சரி, கூட்டு வியாபாரமானாலும் சரி. ஆனால் சொந்தப் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கில் அன்றாட விற்பனைப் பணத்தை வாங்குபவர்கள்தான் இந்தப் பக்கம் அதிகம். சிறிய அளவில் இருக்கும்வரை யாரும் கேட்பதில்லை. வட்டி கிடைக்கிறது, குறைந்தபட்ச இருப்பும் குறைவு. வரவுகள் அதிகமானால் ஒரு நாள் வங்கியிலிருந்து போன் வரும், நடப்புக் கணக்குக்கு மாறுங்கள் என்று.

சேமிப்புக் கணக்கில் சிக்கல் வேறு இடங்களில் இருக்கிறது. ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்குகளில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் கட்டினால் வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பல வருடமாக இருக்கும் விதி. நடப்புக் கணக்குக்கு அந்த வரம்பு 50 லட்சம். தினம் மூவாயிரம் ரூபாய் கட்டினாலே வருடக் கடைசியில் 10 லட்சத்தைத் தொட்டுவிடும். தெரிவிப்பதால் மட்டும் வரி வந்துவிடாது, கணக்கு காட்ட வேண்டிய நிலை வரும், அவ்வளவுதான். ஆனால் மச்சான் அனுப்பிய கைமாற்று, சீட்டுப் பணம், தங்கை கல்யாண மொய், கடை விற்பனை எல்லாம் ஒரே பாஸ்புக்கில் கலந்து கிடந்தால் எது விற்பனை என்று பிரித்துச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 2025-ல் கர்நாடகத்தில் வணிகவரித் துறை யூ.பி.ஐ. வரவுகளை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும். அங்கே பலர் சொன்ன பதில், அதெல்லாம் வியாபாரப் பணம் இல்லை, குடும்பப் பணமும் சேர்ந்திருக்கிறது என்பதுதான்.

ஜன்தன் கணக்கு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். போதிய அடையாளச் சான்று இல்லாமல் 'சிறு கணக்கு' வகையில் தொடங்கியிருந்தால், வருடத்துக்கு மொத்த வரவு ஒரு லட்சம், எந்த நேரத்திலும் இருப்பு 50 ஆயிரம், மாதம் எடுப்பது 10 ஆயிரம் என்று வரம்பு உண்டு. க்யூஆர் ஒட்டிக் கொஞ்ச நாளில் பணம் வராமல் நின்றால் காரணம் இதுவாக இருக்கலாம். ஆதார், பான் கொடுத்து முழு கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) முடித்தால் அந்த வரம்பு போய்விடும்.

அப்புறம் கணக்கு முடக்கம். எங்கோ சைபர் மோசடியில் போன பணம் கைமாறிக் கைமாறி உங்கள் கடையில் ஒரு பிரியாணியாகச் செலவாகியிருக்கும். போலீஸ் புகார் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு வரும்போது உங்கள் கணக்கில் அந்தத் தொகைக்குத் தடை விழும், சில சமயம் மொத்தக் கணக்குமே நிற்கும். இது சேமிப்பு, நடப்பு இரண்டுக்கும் பொதுவான ஆபத்துதான். ஆனால் வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், கடை சரக்கு மூன்றும் ஒரே கணக்கிலிருந்து போகிறது என்றால் அன்றைக்கு அடுப்பே எரியாது. அதனால் சேமிப்புக் கணக்கே போதும் என்று முடிவெடுப்பவர்கூட வியாபாரத்துக்கென்று வேறு வங்கியில் தனியாக ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

நடப்புக் கணக்கில் வட்டி கிடையாது. குறைந்தபட்ச இருப்பு அதிகம். குறைந்தால் அபராதம், அபராதத்துக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. பதிலுக்குக் கடைப் பெயரில் காசோலை, கம்பெனிகளிடம் மரியாதை, பின்னால் ஓவர்டிராப்ட் (இருப்புக்கு மேல் எடுக்கும் வசதி) கேட்க ஒரு வழி. கடைப் பெயருக்குப் பணம் வருகிறவருக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை, தொடங்கித்தான் ஆக வேண்டும். மற்றவர்களுக்குக் கேள்வி பணத்தைவிடக் காகிதம்தான்.

காகிதம் எங்கே சிக்குகிறது

ஒருவரே நடத்தும் கடைக்கு வங்கி இரண்டு விதச் சான்று கேட்கும். உங்களுடைய ஆதாரும் பானும் ஒன்று. கடை நடப்பதற்கான அத்தாட்சி இன்னொன்று. பிந்தையதற்கு ரிசர்வ் வங்கியின் கேஒய்சி வழிகாட்டுதல் ஒரு பட்டியல் தருகிறது: உத்யம் (மத்திய அரசின் சிறு தொழில் பதிவு) உள்ளிட்ட பதிவுச் சான்றிதழ், மாநகராட்சி உரிமம், ஜி.எஸ்.டி. சான்று, ஏற்றுமதி இறக்குமதி எண், கடை வருமானம் காட்டிய வருமான வரிக் கணக்கு, கடைப் பெயரில் மின்சாரம் அல்லது தண்ணீர்க் கட்டண ரசீது. இப்படிப் போகிறது. இதில் ஏதாவது இரண்டு இருந்தால் போதும், எல்லாம் வேண்டியதில்லை.

அதே விதியில் கவுண்டரில் யாரும் தானாகச் சொல்லாத ஒரு வரி இருக்கிறது. இரண்டு ஆவணம் கொடுக்கவே முடியாத நிலை என்று வங்கிக்குத் திருப்தி ஏற்பட்டால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கடைக்கு நேரில் வந்து பார்த்து உறுதிசெய்துகொண்டு கணக்கு தொடங்கலாம். இது வங்கியின் விருப்பத்தில் விடப்பட்டது, உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் மேனேஜரிடம் நேராகப் போய், "ஒரு டாக்குமென்ட்தான் இருக்கு சார், கடைய வந்து பாத்துட்டுப் போட்டுக் குடுங்க" என்று கேட்கலாம். கேட்பவருக்கும் கேட்காதவருக்கும் வித்தியாசம் இருக்கிறது.

அந்த ஒன்று எது என்றால், என் ஓட்டு உத்யமுக்கு. 2020 ஜூலை 1 முதல் இருக்கும் இந்தப் பதிவு முழுக்க இலவசம். ஆதாரும் பானும், ஆதாரோடு இணைத்த போன் நம்பரும் இருந்தால் ஆன்லைனில் நாமே சொல்வதை வைத்துச் சான்றிதழ் வந்துவிடும். கடை வாடகை ஒப்பந்தமோ வீட்டுக்காரர் கையெழுத்தோ கேட்பதில்லை. பிரவுசிங் சென்டரில் டைப் செய்து கொடுப்பதற்குக் கூலி வாங்குவது வேறு விஷயம். ஆனால் அரசாங்கத் தளம் போலவே வடிவமைத்துக் கட்டணம் பிடுங்கும் தளங்கள் நிறைய, முகவரியின் கடைசியில் அரசுத் தளங்களுக்குரிய முடிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விவரம் கொடுங்கள்.

ஜி.எஸ்.டி. எடுத்தால் கணக்கு சுலபமாகக் கிடைக்கும் என்று சொல்பவர்கள் அதிகம். கிடைக்கும்தான். ஆனால் பொருள் விற்பவருக்கு வருட விற்றுமுதல் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டும்வரை பொதுவாக அது கட்டாயமில்லை. எடுத்த பிறகு வியாபாரமே இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் போட வேண்டும். மறந்தால் பூஜ்ய ரிட்டர்னுக்கே ஒரு நாளைக்கு 20 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். வங்கிக் கணக்குக்காக மட்டும் ஜி.எஸ்.டி. எடுப்பது கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான். லேத் பட்டறை அண்ணன் போல, வேலை கொடுக்கும் கம்பெனியே கேட்டால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அவருக்கு ஒரு தகவல்: ஜி.எஸ்.டி. பதிவுக்கு முன்னாலேயே வங்கிக் கணக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. பதிவு கிடைத்த 30 நாளுக்குள், அல்லது முதல் விற்பனை விவரத்தை (ஜி.எஸ்.டி.ஆர்-1) போடுவதற்குள், எது முந்தியோ அதற்குள் கணக்கு விவரத்தைச் சேர்த்தால் போதும். ஆகவே முதலில் ஜி.எஸ்.டி., அதைக் காட்டி நடப்புக் கணக்கு, அந்தக் கணக்கு எண்ணை மறுபடி ஜி.எஸ்.டி. தளத்தில் என்ற வரிசையில் போகலாம்.

மாநகராட்சித் தொழில் உரிமம் வலுவான காகிதம். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று 1 முதல் 6 வரையான மண்டலங்கள்தான் நம் பக்கம். சிக்கல் வருவது வீட்டுக்காரரிடம். இங்கே பல கடைகள் வீட்டின் முன்னறைதான். மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் ஓடும். கடை என்று எழுதிக் கொடுத்தால் இ.பி.யில் வணிகக் கட்டணம் போடுவார்கள், சொத்து வரி ஏறும் என்று உரிமையாளர் ஒப்பந்தமே போடமாட்டார். எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும் அதன் பதிவும் வேண்டும் என்று சொல்லும் தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சட்டத்தைக் காட்டி அவரிடம் பேசிப் பாருங்கள், அடுத்த மாதம் கடையைக் காலி செய்யச் சொல்லலாம். நடைமுறையில் பலர் வீட்டிலேயே தைக்கிறார்கள், வீட்டிலேயே மாவு அரைக்கிறார்கள். உண்மையிலேயே வேலை வீட்டில் நடக்கிறது என்றால் உத்யமில் வீட்டு முகவரியைக் கொடுத்து, வங்கியிலும் அதையே சொல்வதில் தப்பில்லை.

வாரியக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் ஒதுக்கீட்டு ஆணை பாட்டி பேரில் இருக்கிறது, இ.பி. ரசீது அப்பா பேரில் இருக்கிறது என்று தயங்கிப் பின்வாங்குகிறார்கள். உங்கள் முகவரிக்கு ஆதாரில் உள்ள முகவரியே சான்று. இ.பி. ரசீது என்பது கடைச் சான்றுப் பட்டியலில் ஒரு வாய்ப்பு மட்டும். அதைத் துரத்திக்கொண்டு போவதைவிட உத்யமும் வருமான வரிக் கணக்கும் எடுப்பது எளிது.

இதெல்லாவற்றையும்விட அதிகம் பேரைத் திருப்பி அனுப்புவது இன்ஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து, பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக, வாக்காளர் அட்டையில் இன்ஷியலே கிடையாது. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். வங்கிக்குப் போவதற்கு முன் ஆதாரையும் பானையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டுப் போங்கள். உத்யமில் விழும் பெயரும் அதையொட்டியே வரும்.

ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று இன்னமும் சில இடங்களில் கேட்கிறார்கள். அது எப்போதோ போய்விட்டது, கேட்கக் கூடாது என்றே விதி. 'இந்தப் பின்கோடுக்கு எங்களால் போட முடியாது' என்ற பேச்சும் கொடுங்கையூர், புளியந்தோப்புப் பக்கம் புதிதல்ல. கடனுக்கும் கார்டுக்கும் வங்கிகள் தங்களுக்கென ஏதோ கணக்கு வைத்திருக்கலாம். கணக்கு தொடங்குவதற்கான கேஒய்சி விதியில் பின்கோடு என்று ஒரு காரணம் கிடையாது.

கூட்டு வியாபாரம் என்றால் ஒப்பந்தப் பத்திரம், நிறுவனப் பெயரில் பான் கட்டாயம். பதிவு செய்யாத கூட்டுக்கும் கணக்கு கொடுக்கலாம், காகிதம்தான் கூடும்.

வங்கிகளில் எது

பொதுத்துறை வங்கிகளை முதலில் பார்ப்போம். ராஜாஜி சாலையில் தொடங்கி எண்ணூர் வரை ஸ்டேட் வங்கி, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி கிளைகள் நமக்குப் பழக்கமானவை. கணக்கு திறக்க நாளாகும், மாதக் கடைசியில் கூட்டம் தாங்காது. அடிப்படை நடப்புக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு ஐயாயிரம் ரூபாய் அளவில் தொடங்கும். இவர்களிடம் போக ஒரே பெரிய காரணம் கடன். சிறு தொழில்களுக்கான முத்ரா கடனில் சிசு பிரிவு 50 ஆயிரம் வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவருக்கு 20 லட்சம் வரை. தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதியும் உண்டு. இவற்றைத் தனியாரும் தரலாம்தான், ஆனால் அரசு மானியத் திட்டம் எதற்குப் போனாலும் பொதுத்துறைக் கிளையில் கோப்பு நகர்வது பழகிய பாதை. இரண்டு வருடத்துக்குள் கடன் கேட்கும் எண்ணம் இருந்தால் வரவு செலவை இங்கே ஓட விடுங்கள். மேனேஜர் புரட்டிப் பார்ப்பது அந்த ஸ்டேட்மென்டைத்தான்.

புதிய தனியார் வங்கிகள் இதற்கு நேர் எதிர். பையன் டேப்லெட்டோடு கடைக்கே வருவான், சீக்கிரமே கணக்கு எண் வந்துவிடும், சவுண்ட்பாக்ஸும் கூடவே. ஒருவரே நடத்தும் கடை என்றால் வீடியோ கேஒய்சியும் ரிசர்வ் வங்கி 2021-லிருந்து அனுமதித்திருக்கிறது. குறைந்தபட்ச இருப்பு பெரும்பாலும் பத்தாயிரத்தில் தொடங்கி மேலே போகும். கணக்கு போட்டுக் கொடுத்த பையன் சில மாதத்தில் வேறு வங்கிக்குப் போயிருப்பான், அபராதம் ஏன் என்று கேட்க ஆள் இருக்காது. கணக்கோடு இன்சூரன்ஸும் எடுக்கணும் என்று சொன்னால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். கணக்கு தொடங்க இன்சூரன்ஸ் நிபந்தனை இல்லை.

என் மனம் சாய்வது இரண்டுக்கும் இடையில் உள்ள பழைய தனியார் வங்கிகள் பக்கம். தமிழ்நாடு மெர்க்கன்டைல், சிட்டி யூனியன், கரூர் வைஸ்யா. தூத்துக்குடியில் 1921-ல் நாடார் வங்கியாகத் தொடங்கியது, கும்பகோணத்தில் 1904-ல், கரூரில் 1916-ல் என்று மூன்றுமே வியாபாரிகளையும் விவசாயிகளையும் வைத்து வளர்ந்தவை. தெற்கத்திக் குடும்பங்கள் நடத்தும் மளிகை, பாத்திரக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், அப்பா காலத்திலிருந்தே கணக்கு இருக்கும். கடை வியாபாரம் எப்படி ஓடும் என்பதைக் கிளையில் விளக்க வேண்டியதில்லை. குறை, கிளைகள் குறைவு. உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இல்லையென்றால் தினம் ரொக்கம் கட்ட இது ஆகாது.

ரொக்கம் என்றதும் ஒரு கணக்கு. நடப்புக் கணக்கில் மாதம் இவ்வளவு ரொக்கம் இலவசமாகக் கட்டலாம் என்று வரம்பு உண்டு, அதற்கு மேல் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பிடிப்பார்கள். ஒரு பேச்சுக்கு, தினம் 30 ஆயிரம் வீதம் 25 நாள் கட்டினால் 7.5 லட்சம். இலவச வரம்பு 2.5 லட்சம், அதற்கு மேல் ஆயிரத்துக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மீதி 5 லட்சத்துக்கு 1,500, ஜி.எஸ்.டி.யோடு 1,770 ரூபாய். மாதாமாதம். குறைந்தபட்ச இருப்பில் மிச்சம் பிடித்தது எல்லாம் இங்கே போய்விடும். ரொக்க வியாபாரிகள் இரண்டு மூன்று வங்கிகளை ஒப்பிடும்போது இந்த ஒரு வரியை முதலில் கேட்க வேண்டும்.

சிறு நிதி வங்கிகளுக்கும் ஒரு இடம் இருக்கிறது. சென்னையிலேயே நுண்கடன் நிறுவனமாகத் தொடங்கி 2016-ல் வங்கியான ஈக்விடாஸ் போன்றவை, காகிதம் குறைந்தவர்களிடம் பேசிப் பழகியவை. கடன் வட்டி பொதுத்துறையைவிடக் கூடுதலாக இருக்கும், கவனம். 2018 செப்டம்பரில் தொடங்கிய இந்திய அஞ்சல் பேமென்ட்ஸ் வங்கி இன்னும் எளிது. தபால்காரர் மூலமே வேலை நடக்கும். ஆனால் நாள் முடிவில் 2 லட்சத்துக்கு மேல் இருப்பு வைக்க முடியாது, பேமென்ட்ஸ் வங்கி என்பதால் அதுவாகக் கடன் கொடுக்கவும் முடியாது. மீன் விற்கும் அக்காவுக்கு இந்த வரம்பு ஒரு பொருட்டே இல்லை. டாய்கோ (தமிழ்நாடு தொழில் கூட்டுறவு வங்கி), சென்னை மத்திய கூட்டுறவு வங்கி போன்றவற்றில் நகைக்கடனுக்குப் போகிறவர்கள் கணக்கும் வைத்துக்கொள்ளலாம். யூ.பி.ஐ. வசதி எப்படி என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மேலே சொன்ன வங்கிகள் எல்லாவற்றிலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. தெருமுனையில் 'நிதி' என்று பலகை மாட்டியிருக்கும் இடம் வங்கி இல்லை. அங்கே இந்தக் காப்பீடும் இல்லை, உறுப்பினருக்கு நடப்புக் கணக்கு தொடங்க அவற்றுக்கு அனுமதியும் இல்லை. தினம் ஆள் வந்து வசூலித்துக்கொண்டு போகிறார் என்ற சௌகரியத்துக்காகக் கடைப் பணத்தை அங்கே வைக்காதீர்கள்.

அந்த மூவருக்கும் நான் சொல்வது இதுதான். மீன் அக்கா சொந்தப் பெயரிலேயே இருக்கட்டும். வீட்டுக் கணக்கிலிருந்து பிரித்து, அஞ்சல் வங்கியிலோ பக்கத்துப் பொதுத்துறைக் கிளையிலோ முழு கேஒய்சியோடு ஒரு சேமிப்புக் கணக்கு, அதில் மட்டும் க்யூஆர். நைட்டிக்காரர் இன்றே உத்யம் எடுத்து வைத்து, இந்த வருட வருமான வரிக் கணக்கையும் போடட்டும். கடைப் பெயருக்கு முதல் ஆர்டர் வரும்போது கையில் இரண்டு காகிதம் இருக்கும். லேத் அண்ணனுக்குப் பொதுத்துறை வங்கியில் நடப்புக் கணக்கு. புது மிஷினுக்குக் கடன் கேட்கப் போகிறவர் அவர்தான். அவசரம் என்றால் தனியாரில் முதலில் தொடங்கி, பொதுத்துறைக் கணக்கு வந்ததும் இதை மூடிவிடலாம். மூடுவதற்குக் கட்டணம் உண்டா என்று தொடங்கும் நாளிலேயே கேட்டுக்கொள்ளட்டும். மூவரில் யாரும், காகிதம் இல்லையே என்று தம்பி கணக்கையோ தெரிந்தவர் கணக்கையோ கடைக்குப் பயன்படுத்த வேண்டாம். பணம் முடங்கினால் கேட்கும் உரிமை கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான்.

எல்லாம் கொடுத்தும் கிளையில் மறுத்தால் காரணத்தை எழுதிக் கேளுங்கள். விண்ணப்பத்தை நிராகரித்தால் அதற்கான காரணத்தை அதிகாரி பதிவு செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் கேஒய்சி விதியிலேயே சேர்த்திருக்கிறது. முதலில் வங்கிக்கே புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் போகலாம், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். எப்படிப் போடுவது என்று கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. வங்கிக்குக் கொடுத்த புகாரின் நகலும் தேதியும் கையில் இருக்கட்டும், அது இல்லாமல் அங்கே நகராது.